இரண்டாம் பாகம் வெளியே போயிருக்கிறது

"புத்தகம் எப்படி இருந்தது?" என்று வாசகரிடம் கேட்பதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். கேட்டால் வருகிற பதில் ஒன்றே ஒன்றுதான்: "நல்லாயிருந்துச்சு சார்." மூன்று பாகத்தையும் ஒரே மூச்சில் முடித்தவரும் அதைத்தான் சொல்வார். அட்டையைக்கூடத் திறக்காமல் தவணை முடிந்துவிட்டதே என்று கொண்டு வந்து வைக்கிறவரும் அதைத்தான் சொல்வார். நாம் வாயைத் திறக்காமல் தேதி முத்திரையை எடுத்து மையில் ஒற்றிக்கொண்டிருந்தால் போதும். அபிப்பிராயம் தானாக வந்து விழும்.

நாகப்பட்டினம் பக்கத்துக் கிளை நூலகங்களில்தான் என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி கழிந்தது. அங்கே அதிகம் சண்டை மூட்டிய புத்தகம் அரசியலோ ஆன்மிகமோ இல்லை, சாண்டில்யனின் 'கடல் புறா'. குமுதத்தில் தொடராக வந்து, பிறகு மூன்று பாகங்களாக அச்சானது. கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் நாயகன் கருணாகர பல்லவன் வந்து இறங்குவதில் தொடங்கி, அக்ஷயமுனை, கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) என்று கடல்மேலேயே போகிற கதை. கடாரத்து இளவரசி காஞ்சனாதேவி ஒரு பக்கம், மஞ்சளழகி இன்னொரு பக்கம். நடுவில் புறா வடிவத்தில் ஒரு போர்க்கப்பல்.

புத்தகத்தின் கோலத்தைப் பார்த்தே வாசகர் கருத்தைச் சொல்லிவிடலாம். எங்கள் பிரதியில் முதல் பாகம் முதுகு உடைந்து, பைண்டருக்குப் போய்வந்து, காலிகோ ஒட்டிய முதுகோடு நிற்கும். மூன்றாம் பாகம் அந்த அளவுக்குக் கசங்கியிருக்காது. தொடங்கியவர்கள் எல்லாரும் கரை சேரவில்லை என்று அர்த்தம். இரண்டாம் பாகத்தை அலமாரியில் பார்ப்பதே அபூர்வம். "வெளியே போயிருக்கு" என்பதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. மஞ்சளழகி வருவது அந்தப் பாகத்தில்தான் என்பதால் இருக்கலாம்.

பிறகு பென்சில் குறிப்புகள். நூலகப் புத்தகத்தில் எழுதுவது குற்றம்தான், ரப்பரை எடுத்து அழிப்பதும் என் வேலைதான். ஆனால் அழிப்பதற்கு முன் படித்துவிடுவேன். காஞ்சனாதேவியை நான்கு பத்தி வர்ணித்த இடத்தின் ஓரத்தில் ஒருவர், "கப்பல் கிளம்புமா கிளம்பாதா?" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், "அவசரம் என்றால் நீந்திப் போ." வழக்கமான "நான் யார் என்று அறிய 85-ஆம் பக்கம் பார்க்க" வகையறாவும் உண்டு. அந்தப் பக்கத்துக்குப் போனால் இன்னொரு பக்கத்துக்கு விரட்டும், கடைசியில் "போய் வேலையைப் பார்" என்று முடியும்.

நேரில் பேசியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிற ஒரு அண்ணன். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் தினமும் நூலகத்தில் இருப்பார், தடை முடிந்தால் ஆளைப் பார்க்க முடியாது. கதையில் வரும் காற்றை எல்லாம் அவர் கச்சானா, கொண்டலா, வாடையா என்று பிரித்துப் பார்ப்பார். "கலிங்கத்துலேர்ந்து தெக்க எறங்கணும்னா எந்த மாசத்துல பாய் எடுப்பான்? அது தெரியாம கப்பல் எப்படிக் கெளம்பும்?" அதைவிடப் பெரிய குறை குடிதண்ணீர். "இத்தினி பேரு கப்பல்ல இருக்கானுவோ. கத்திச்சண்டை போடுறானுவோ, காதல் பண்றானுவோ. தண்ணி எங்க சார் புடிச்சானுவோ?" கடலில் தங்கித் தொழில் செய்கிறவருக்கு ஐஸ், டீசல், தண்ணீர் மூன்றும்தான் முதல் கணக்கு. அவர் கேட்ட பிறகு நானும் ஒரு தடவை தண்ணீரைத் தேடிக்கொண்டே படித்தேன். வாளைத்தான் அதிகம் பார்த்தேன்.

மிலிட்டரியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் எரிச்சல் வேறு மாதிரி. எல்லா உபாயமும் நாயகன் மனசுக்குள்ளேயே இருக்கிறது. கூட இருக்கிற அமீருக்கும் தெரியாது, வாசகனுக்கும் தெரியாது. வெற்றி வந்த பிறகு அவனே விளக்குவான். "எங்க யூனிட்ல இப்படி ஒரு ஆபீசர் இருந்திருந்தா, அவருக்கு அடி பட்டா அன்னிக்கே எல்லாரும் காலி" என்பார். நியாயமான பேச்சு. ஆனால் விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் அடுத்த வாரம் குமுதம் யார் வாங்குவார்கள்?

அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அந்தக் காலத்தில் தொடரைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் பண்ணி வைத்திருந்த ஓர் அம்மா சொன்னார்: "வாரம் ஒரு அத்தியாயம் படிச்சாத்தாங்க அது ருசி. ஓவியர் லதா வரைஞ்ச படத்தை ரெண்டு நாள் பாத்துக்கிட்டு இருப்போம். இப்ப ஒரே நாள்ல இருபது அத்தியாயம் படிச்சுட்டு, ஒவ்வொண்ணுலயும் கடைசியில ஒரு திடுக் வருதேன்னா என்ன பண்றது?" 2022-இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்த பிறகு சரித்திர நாவல் கேட்டு வந்த கல்லூரிப் பிள்ளைகளின் குறையும் அதேதான். அத்தியாயத்துக்கு அத்தியாயம் யாரோ தோளில் கை வைக்கிறார்கள், இருளில் ஓர் உருவம் நிற்கிறது. வர்ணனை விஷயத்தில் அந்தப் பெண்பிள்ளைகள் சொன்னது இன்னும் காரம். போர்த் தந்திரம் ஒருத்தனுக்கும் அங்க லட்சணம் ஒருத்திக்கும் என்று பங்கு பிரித்தால் எப்படி என்று ஒரு பெண் கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை. அவள் மூன்றாம் பாகத்துக்குப் பெயர் பதிந்துவிட்டுத்தான் போனாள்.

தமிழாசிரியர் ஒருவர் சரித்திரத்தைப் பிடித்துக்கொள்வார். சோழ மன்னன் வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று, தன்னிடம் அடைக்கலம் வந்த மன்னனுக்கே அதைக் கொடுத்ததாக அவன் கல்வெட்டு மெய்க்கீர்த்தி சொல்கிறது. அது 1068-ஐ ஒட்டிய செய்தி. கதாநாயகனான அதே கருணாகரன், கருணாகரத் தொண்டைமான், முதல் குலோத்துங்கனுக்காகக் கலிங்கத்தை அழித்தது 1110 வாக்கில். "கடாரத்துக்குப் போகும்போது இருபத்தைந்து என்று வைத்தாலும் கலிங்கப் போரில் கிழவனுக்கு அறுபத்தேழு. தவிரவும், அந்தப் போரைப் பாடிய கலிங்கத்துப்பரணியில் ஐயா, கருணாகரனுக்குக் காதலியே கிடையாது. கூழ் காய்ச்சுகிற பேய்கள்தான் உண்டு." செய்தித்தாள் மேசையில் இருந்த மிலிட்டரிக்காரர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஃபீல்டு மார்ஷலுக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது சார்."

எனக்கு மிகவும் பிடித்த விமர்சனம் ஆனைமங்கலத்திலிருந்து சைக்கிளில் வந்த ஒரு விவசாயியுடையது. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் கட்டிய சூளாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ராஜராஜன் கொடுத்த ஊர் அது. அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடுகள் ஹாலந்துக்குப் போய் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் வாங்கின. அதோடு போன சின்னச் செப்பேடு குலோத்துங்கனுடையது, 1090-ஆம் ஆண்டு. கடாரத்து அரசன் தூதர் மூலம் கேட்டுக்கொண்டான், விகாரத்துக்குச் சேர்ந்த ஊர்களின் வரிகளில் சிலவற்றைச் சோழன் நீக்கினான். இதையெல்லாம் அவர் நூலகத்து உள்ளூர் வரலாற்றுப் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டவர். "கடாரத்தை அடிச்சதுக்கு மூணு பாகம் சரி. அதே கடாரத்தான் கேட்டான்னு எங்க ஊரு வரியைத் தள்ளுபடி பண்ணினானே, அதுக்கு ஒரு அத்தியாயம் உண்டா?"

வரித் தள்ளுபடியை வைத்து எந்த எழுத்தாளர் தொடர்கதை எழுதுவார்! ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே வியாபாரிகளும் பிக்குகளும் தூதர்களும் போய்வந்த வருஷங்கள் எத்தனை, கப்பற்படை போன வருஷங்கள் எத்தனை? கதை என்று வந்தால் படைக்குத்தான் இடம்.

இவ்வளவு குறை சொன்னவர்களில் பாதியில் விட்டவர் ஒருவரும் இல்லை. பிடித்தது என்றவர்கள்தான் அடுத்த பாகம் கேட்காமல் போனார்கள். படகுக்கார அண்ணன் மூன்றையும் திரும்பத் திரும்ப எடுத்தார்.

ஒரு தடைக்காலத்தில் பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் முதல் பாகத்தை முடித்துவிட்டு வந்து நின்றான். இரண்டாம் பாகம் வழக்கம்போல் வெளியே. பையன் முகம் விழுந்ததைப் பார்த்து அண்ணன், "இங்க வா தம்பி" என்று வாசல் திண்ணைக்குக் கூட்டிப் போனார். அக்ஷயமுனையை, மஞ்சளழகியை, கப்பல் கட்டியதை எல்லாம் கைகால் அசைத்துச் சொன்னார். சொல்கிற போக்கில் கப்பலை நிக்கோபாரில் ஒதுக்கி, பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டுதான் மேலே விட்டார். காற்றையும் மாசத்தோடு சேர்த்துச் சொன்னார். பையன் நேராக மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டாம் பாகம் கைக்குக் கிடைக்க அவனுக்குக் கொஞ்ச காலம் ஆனது. திருப்பிக் கொடுக்க வந்தபோது மேசைமேல் விரித்துக் காட்டிப் புகார் சொன்னான். "சார், நடுவுல யாரோ பக்கத்தைக் கிழிச்சிருக்காங்க. நிக்கோபார்ல தண்ணி புடிக்கிற கட்டமே காணோம்."