முன்வரிசை, இடப்பக்கம்

மார்ச் 6, வியாழன்

சனிக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் கிடைத்துவிட்டது! சிங்கப்பூர் எஸ்பிளனேடு கலை மையத்தின் ரிசைட்டல் ஸ்டூடியோ. டுரியான் பழம் மாதிரி இருக்கும் அந்தக் கட்டடம் என்றாலே 1,600 பேர் உட்காரும் பெரிய அரங்குதான் நினைவுக்கு வரும், இது அதே கட்டடத்துக்குள் 245 இருக்கைகள் மட்டும் உள்ள சின்ன அறை. ஒரு பெண், ஒரு பியானோ, தானே வாசித்துத் தானே பாடுகிறார். "இடப்பக்கமா எடுடி, வலப்பக்கம் உட்கார்ந்தா கை தெரியாது" என்று தோழி போனிலேயே சொல்லிவிட்டாள். தாதி வேலையில் ஷிஃப்ட் மாற்றுவது சுலபமில்லை, இதற்காக மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 7, வெள்ளி

நாளை அமெரிக்கப் பாடகி நீனா சிமோனின் பாட்டும் உண்டு என்பதால் வேலை முடிந்து வரும்போது எம்ஆர்டி ரயிலில் அவரைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். பாடகியாக வேண்டும் என்று கிளம்பியவரே இல்லை. செவ்வியல் பியானோதான் கனவு, 1951இல் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைப்பள்ளியில் இடம் கிடைக்கவில்லை, 1954இல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கடையில் வாசிக்கப் போனவரிடம் முதலாளி பாடினால்தான் வேலை என்று சொல்ல, அப்படித்தான் பாட ஆரம்பித்தார். காதல் பாட்டுக்கு நடுவே அவர் விரல்கள் திடீரென்று செவ்வியல் இசையமைப்பாளர் பாஹ் பக்கம் போய்விடும்போது அந்தப் பழைய கனவு எங்கேயும் போய்விடவில்லை என்று தோன்றுகிறது.

மார்ச் 8, சனி, இரவு

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

சீக்கிரமே போய்விட்டோம். மூடிய கதவுக்கு உள்ளே பியானோவைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப. மேல் ஸ்தாயியில் ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள், இரண்டை அடைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சரி செய்வார்கள் என்று தோழி சொன்னாள். இவளுக்கு இதெல்லாம் தெரியும் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

பாடகிக்கும் எங்களுக்கும் நடுவே நாலைந்து அடிதான். ஏசி குளிர் அப்படி, பாட்டுக்குப் பாட்டு இடையில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்து எங்களிடம் பேசினார். பெடலை விடும்போது உள்ளே மெத்தைக் கட்டைகள் கம்பிமேல் வந்து படியும் 'புஸ்' என்ற சத்தம், ஒரு வரி தொடங்கும் முன் இழுக்கும் மூச்சு, எல்லாம் கேட்டது. ஒலிப்பதிவில் இதையெல்லாம் துடைத்துவிடுகிறார்கள், எனக்கு இனிமேல் அது குறையாகத்தான் தெரியும்.

ஏழாவது பாட்டோ எட்டாவதோ, மெதுவான ஒன்று, இரண்டாம் சரணத்தில் வார்த்தை மறந்துவிட்டது. வாய் திறந்திருக்கிறது, குரல் வரவில்லை, ஆனால் கைகள் நிற்கவில்லை. அதே நான்கு கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை, இன்னும் மெல்லமாக ஒரு சுற்று, அப்புறம் இன்னொரு சுற்று, குழந்தை எழுந்துவரட்டும் என்று வாசலில் நிற்கும் அம்மா மாதிரி கைகள் குரலுக்காகக் காத்திருந்தன. மூன்றாவது சுற்றில் வரி வந்தது. தோழி என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள், பாட்டு முடிந்தும் விடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று நிகழ்ச்சி முடிந்து உணவங்காடியில் சாத்தே வரும்வரை அவள் விரல்கள் மேசையில் ஓடிக்கொண்டே இருந்தன. கேட்டேன். ஐந்தாம் நிலைத் தேர்வுவரை பியானோ படித்தாளாம்! அப்பா இறந்த பிறகு மூவறை வீட்டுக்கு மாறியபோது பியானோவை விற்றுவிட்டார்கள், அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. பதினொரு வருட நட்பில் இதைச் சொன்னதே இல்லை. "சொன்னா வாசிச்சுக் காட்டச் சொல்வீங்கன்னு பயம்" என்றாள்.

மார்ச் 15, சனி

பயிற்சி அறை ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். முதல் இருபது நிமிடம் ஸ்வரங்களில் வரிசையாக ஏறி இறங்கும் ஸ்கேல் பயிற்சிதான், இடது கை பின்தங்கிக்கொண்டே இருந்தது, நான் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த மெதுவான பாட்டின் கார்டுகளைத் தேட ஆரம்பித்தாள். மூன்று கிடைத்தன, நான்காவதற்கு ரொம்ப நேரம். கிடைத்ததும் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டும் சேர்ந்து எனக்கு வராது, நீ பாடு."

எனக்கு முதல் சரணம் மட்டும்தான் தெரியும். அதையே நான்கு முறை பாடினேன், அடுத்த முன்பதிவுக்காரர் கதவைத் தட்டும்வரை.