பச்சையைக் கண்டு பயப்படும் ஊர்

தெற்குக் கலிஃபோர்னியாவுக்குக் குடிவருகிறவர்களுக்கு எல்லாரும் முதலில் சொல்லித்தருவது நிலநடுக்கத்தைப் பற்றி. அலமாரியைச் சுவரோடு திருகி வையுங்கள், கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு போட்டு வையுங்கள், தண்ணீர் சேமித்து வையுங்கள் என்பார்கள். மழையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என்னைக் கேட்டால், மலையடிவாரத்தில் வீடு பார்க்கிற எவரிடமும் முதலில் பேச வேண்டியது மழையைப் பற்றித்தான்.

நாங்கள் இருப்பது லாஸ் ஏஞ்சலஸுக்கு வடகிழக்கே, சான் கேப்ரியல் மலைகளின் அடிவாரத்தில். இங்கே மழை குளிர்காலத்தில் மட்டும்தான். நவம்பர் வாக்கில் ஆரம்பித்து மார்ச், ஏப்ரலோடு முடிந்துவிடும். அதன் பிறகு ஆறேழு மாதம் வானம் வெளுத்துக் கிடக்கும். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சராசரி ஆண்டு மழை சுமார் 14 அங்குலம். ஆனால் இங்கே சராசரியை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வருடம் ஐந்தாறு அங்குலத்தோடு ஏமாற்றும், இன்னொரு வருடம் கொட்டித் தீர்க்கும். 2022-23 குளிர்காலமும் 2023-24 குளிர்காலமும் கொட்டித் தீர்த்தவை. இரண்டும் சேர்ந்து 50 அங்குலத்துக்கு மேல். 2024 பிப்ரவரி தொடக்கத்தில் மூன்றே நாளில் 8 அங்குலத்துக்கு மேல் பெய்து, பல இடங்களில் மலைச்சரிவு இடிந்து வீடுகள்மேல் விழுந்தது.

அது ஓய்ந்ததும் மலை பச்சையானது. அப்படி ஒரு பச்சை! அதன்மேல் காட்டுக் கடுகு மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது. சாலையோரம் காரை நிறுத்திவிட்டு எல்லாரும் படம் எடுத்தார்கள். பக்கத்துத் தெருவில் பல காலமாக இருக்கிற தமிழ் அண்ணா ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அழகுதான் தம்பி, இல்லைன்னு சொல்லலை. ஆனா இவ்வளவும் காயணும்ல? காஞ்சா எங்க போகும்?" என்றார். இந்த ஊரை எனக்குப் புரியவைத்தது அந்தக் கேள்விதான்.

மழை வந்தால் தீ பயம் குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பெய்கிற மாதங்களில் அது உண்மையும்கூட. ஆனால் வறண்ட நிலத்தில் தீக்கு எப்போதும் பஞ்சமாக இருப்பது வெயிலோ காற்றோ அல்ல, எரிவதற்கான பொருள். மழை அதைத்தான் விளைவித்துக் கொடுக்கிறது. இந்த மலைகளில் முளைக்கும் புல்லில் பெரும்பகுதி இந்த மண்ணுக்குச் சொந்தமானதே அல்ல. காட்டு ஓட்ஸ், புரோம் போன்றவை குடியேறிகளோடும் அவர்களுடைய கால்நடைகளோடும் மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வந்தவை. ஒரே பருவத்தில் முளைத்து, விதை போட்டு, மே, ஜூனில் செத்துவிடும். செத்தாலும் மட்கிப்போகாது, மட்குவதற்கு ஈரம் வேண்டுமே! நின்றபடியே காய்ந்து அடுத்த மழை வரை காத்திருக்கும். கடுகுத் தண்டு ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். ஆகஸ்டில் ஒன்றைப் பிடுங்கி மடக்கிப் பாருங்கள், வளையாது, படக்கென்று ஒடியும். மெல்லிய புல்லுக்குத் தீயணைப்புத் துறையில் ஒரு மணி நேர எரிபொருள் என்று பெயர். காற்றில் ஈரம் குறைந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அதுவும் உலர்ந்து தயாராகிவிடும். முந்தின நாள் பனி விழுந்ததே என்ற ஆறுதலெல்லாம் காலை பத்து மணிக்குள் போய்விடும்.

புதர்களின் கதை கொஞ்சம் நிதானமானது. சமீஸ் என்று ஒரு செடி, ஊசி ஊசியாக இலை, எண்ணெய்ப் பசை. தீயணைப்புத் துறைக்காரர்கள் அதன் கிளை நுனிகளை வெட்டி எடை போடுவார்கள். அப்புறம் அடுப்பில் உலர்த்தி மறுபடி எடை போடுவார்கள். போன தண்ணீரின் எடை, மிஞ்சின காய்ந்த எடையில் எத்தனை சதவீதம் என்பதுதான் கணக்கு. மழை முடிந்த வசந்தத்தில் இது 100 சதவீதத்தைத் தாண்டும், அதாவது செடியில் பாதிக்கு மேல் தண்ணீர். கோடை கழிந்து 60 சதவீதத்துக்கு வந்துவிட்டால் ஆபத்து எல்லை. பார்வைக்குப் பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் பற்றிக்கொள்ளும். நல்ல மழை பெய்த வருடங்களில் போட்ட புதுத் தளிர்களும் சேர்ந்து எரியும்.

பாலைவனத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மொஹாவி பாலைவனத்தில் யோசுவா மரங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும், நடுவில் வெறும் மண். ஒன்றில் இடி விழுந்து எரிந்தாலும் அடுத்ததற்குத் தாவ வழியில்லை. மழை பெய்த வருடத்தில் அந்த இடைவெளியைச் செம்புரோம் புல் அடைத்துவிடும். 2022-23 குளிர்கால மழைக்குப் பிறகு, 2023 ஜூலை இறுதியில் தொடங்கிய, யார்க் என்று பெயரிட்ட தீ மொஹாவியில் 90,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. வடக்கே சியரா நெவாடாவின் உயரமான காடுகளில் நிலைமை வேறு. அங்கே எரிபொருள் எப்போதும் நிறைய இருக்கிறது. பனி அதிகம் விழுந்தால் மண் தாமதமாகக் காயும், தீப்பருவமும் தள்ளிப்போகும். ஆகவே மழை பெய்தால் தீ என்று கலிஃபோர்னியா முழுவதற்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எங்களைப் போலப் புல்லும் புதரும் சூழ வாழ்கிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

2024 மே மாதத்துக்குப் பிறகு மழை நின்றது. நவம்பர், டிசம்பரிலும் வரவில்லை. ஜனவரி தொடக்கம் வரை லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பெய்தது கால் அங்குலம்கூட இல்லை. இரண்டு வருட மழையில் வளர்ந்ததெல்லாம் காய்ந்து நிற்க, சாந்தா ஆனா காற்று வந்தது. உள்நாட்டு வறண்ட மேட்டுநிலத்தில் காற்றழுத்தம் கூடும்போது கணவாய்கள் வழியாகக் கடலை நோக்கி இறங்கும் காற்று அது. இறங்க இறங்க அழுந்திச் சூடாகும், இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சும். 2025 ஜனவரி 7 அன்று மலைப்பகுதிகளில் மணிக்கு 80 மைலைத் தாண்டி வீசியது. காலையில் பசிஃபிக் பாலிசேட்ஸில் தீ பிடித்தது, மாலையில் ஈட்டன் கேன்யனில். ஈட்டன் கேன்யனை ஒட்டிய ஆல்டடீனாவில் தெருத்தெருவாக வீடுகள் போயின. இரண்டு தீயும் சேர்ந்து அழித்த கட்டடங்கள் 16,000க்கு மேல். அந்த அளவு நாசத்துக்குக் காற்றும், தாமதித்த மழையும், நெருக்கமான வீடுகளும் பெரிய காரணங்கள், மழையில் வளர்ந்ததைத் தனியாகக் குற்றம் சொல்வது சரியாகாது. ஆனால் சாம்பல் விழுந்த எங்கள் வாசலில் நின்றபோது, முந்தின வருடம் படம் எடுத்த அந்த மஞ்சள் சரிவுதான் மனதில் வந்தது.

இப்போது எங்கள் வீட்டு வேலையெல்லாம் மழையை ஒட்டித்தான். கடைசி மழை முடிந்த பிறகு புல்லை வெட்ட வேண்டும். முன்னாலேயே வெட்டினால் மறுபடி வளரும், தள்ளிப்போட்டால் வெட்டுவதே ஆபத்து, இயந்திரத்தின் கத்தி ஒரு கல்லில் பட்டுத் தெறிக்கும் பொறி போதும். அதனால்தான் காலை பத்து மணிக்கு முன்பு, காற்றில்லாத நாளில் வெட்டச் சொல்கிறது மாநிலத் தீயணைப்புத் துறையான கால்ஃபயர். நான்கு அங்குலத்துக்கு மேல் புல் நிற்கக் கூடாது. வீட்டுச் சுவரிலிருந்து ஐந்து அடிக்குள் செடி, மரச்சீவல், விறகு எதுவும் வைப்பதில்லை, வெறும் சரளைதான். சுவரை ஒட்டி அழகாக இருந்த செடிகளைப் பிடுங்கியபோது மனைவிக்கு மனசே இல்லை, எனக்கும்தான். ஆனால் வீடுகளைப் பெரும்பாலும் எரிப்பது மலையிலிருந்து நேராக வரும் தழல் அல்ல, காற்றில் பறந்து வரும் கங்குகள். அவை ஒதுங்குவது அந்த ஐந்து அடியில்தான், இல்லாவிட்டால் கூரைக் காற்றுத்துளைகளில். அங்கே நெருக்கமான உலோக வலை அடித்திருக்கிறோம். செங்குத்தான சரிவுகளில் சில இடங்களில் ஆடுகளை விட்டு மேய்க்கிறார்கள், என் மகனுக்கு அது பெரிய வேடிக்கை.

வீடு பார்க்க வரும் நண்பர்களை அழைத்துப் போகும்போது, பிப்ரவரியில் பார்த்த வீட்டை முடிவு செய்வதற்குள் செப்டம்பரிலும் ஒரு முறை போய்ப் பாருங்கள் என்கிறேன். பின்னால் இருக்கும் சரிவு யாருக்குச் சொந்தம், அங்கே புல் வெட்டுவது யார், தெருவைவிட்டு வெளியேற எத்தனை வழி, கால்ஃபயரின் தீ அபாய வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம், இன்சூரன்ஸ் கிடைக்கிறதா? இதையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும். வீட்டை விற்பவரிடம் மட்டும் கேட்டால் போதாது, பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.