திருவீழிமிழலையில் அண்ணனும் அண்ணியும்

அண்ணனுக்குக் கல்யாணம் கூடிவந்தால் ஜோடியாகத் திருவீழிமிழலைக்குக் கூட்டிவந்து, அங்கே கல்யாணக் கோலத்தில் இருக்கும் சிவன், மாப்பிள்ளை சாமிக்கு வஸ்திரம் சாத்துகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஒரு வழியாக இந்த ஆவணியில் அது நிறைவேறியது. நாற்பதைத் தாண்டிய மாப்பிள்ளை. அப்பா போனபிறகு தங்கைகள் எங்களைக் கரையேற்றிவிட்டுத்தான் தனக்கு என்று சொல்லிவிட்டு, மஸ்கட்டில் டைல்ஸ் வேலைக்குப் போனவர். என் நர்சிங் படிப்பு, பெரியக்கா நகை, சின்னக்கா பிரசவம் எல்லாம் அந்த டைல்ஸில் இருந்து வந்ததுதான்.

"சம்பாதிக்கிறான், சரி. பக்திதான் கிடையாது" என்பது அம்மாவின் நிரந்தரக் குறை. லீவில் வந்தால் விடிகாலையில் எழுப்பிக் கோயிலுக்குக் கூப்பிடுவார்கள். அண்ணன் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். கல்யாணம் தள்ளிப்போனதற்கும் அதுதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பரிகாரம் சொன்னார்கள். அப்படிப் போன ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) வேன் நின்றதும் நின்றதுமாகக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒருவர், "ஜாதகம் இருக்கா? உடனே முடிச்சுடலாம்" என்றார். தட்டு, மாலை, தாயத்து என்று கணக்கு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் சாமியை எட்டிப் பார்ப்பதற்குள் பின்னால் இருந்தவர்கள் தள்ளி வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கும் மஸ்கட் பணம்தான் போனது.

திருவீழிமிழலையில் அந்தத் தொந்தரவு இல்லை. திருவாரூரில் இருந்து பூந்தோட்டம் வந்து மேற்கே திரும்பினால் வயலும் வாய்க்காலுமாக ரோடு. முகூர்த்த நாள் இல்லாததால் கூட்டமும் இல்லை. அம்மாவுக்கு முட்டிவலி. உயரத்தில் இருக்கும் சன்னதிக்குப் படியேற நேரமாகும் என்பதால் அண்ணனை முன்னால் போகச் சொன்னோம். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

வவ்வால் நெத்தி மண்டபத்தில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு அகலம், நடுவில் ஒரு தூண் கிடையாது. "இதைப் பற்றி எங்க பழைய மேஸ்திரி சொல்வார்மா. அந்தக் காலத்து ஸ்தபதிங்க வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை, அதான் அந்த வளைஞ்ச கல் கூரை, திருவலஞ்சுழி பலகணி, அந்தக் கல் ஜன்னல், இந்த வவ்வால் நெத்தி மண்டபம், இதெல்லாம் நீங்கலா எது வேணாலும் செஞ்சு தர்றோம்னு எழுதுவாங்களாம்." சொல்லிக்கொண்டே கூரை சுவரோடு சேரும் இடத்தைப் பார்வையாலேயே அளந்தார். அவ்வளவு பயபக்தியோடு அண்ணனை நான் அதுவரை பார்த்ததில்லை. கட்டினவன் சாமி கும்பிட்டானோ இல்லையோ, அந்த வளைவு கும்பிடுகிறது என்று தோன்றியது.

மேலே விண்ணிழி விமானத்தின் கீழே வீழிநாதர். பந்தக்கால், அரசாணிக்கால் எல்லாம் தாண்டி, லிங்கத்துக்குப் பின்னால் அப்பனும் அம்மையும் கல்யாணக் கோலத்தில். தீபாராதனை காட்டும்போது அந்தப் பின்சுவர் ஒரு நிமிஷம் துலங்கியது. அம்மா வாய்விட்டு அழுதுவிட்டார். அண்ணி அழவில்லை. அண்ணனின் முழங்கையை மட்டும் பிடித்துக்கொண்டார். குருக்கள் விபூதி கொடுத்தபோது அண்ணன் நீட்டிய கையைப் பார்த்தேன். சிமெண்ட் தின்ற கை. வெடிப்புக்குள் விபூதி போய் உட்கார்ந்து, கோடு கோடாக வெள்ளையாகத் தெரிந்தது. ஊருக்கு வந்த வாரம் ரேஷன் கடை மிஷினில் அந்த விரல்களுக்கு ரேகையே விழவில்லை. அழுத்தி அழுத்தி வைத்துப் பார்த்துவிட்டு, "தேஞ்சு போச்சு, தங்கச்சிய வைக்கச் சொல்லுங்க" என்று சிரித்தவர். எனக்கு அப்போது வராத அழுகை இங்கே வந்தது. மாப்பிள்ளை சாமிக்குப் பட்டு சாத்தினதும், அண்ணியின் மாலையை வாங்கிக் கொடுத்ததும் எல்லாம் கலங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

வெளியே வந்து படிக்காசு பீடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அண்ணிக்கு வடக்கே ஊர். இந்தக் கதை தெரியாது. அம்மா ஆரம்பித்துவிட்டார். பஞ்ச காலத்தில் சம்பந்தரும் அப்பரும் அடியார்களோடு இங்கே தங்கியிருந்தபோது, ஆளுக்கு ஒரு பொற்காசு தினமும் பீடத்தில் வைத்தார் சிவபெருமான். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. அப்பர் காசை நீட்டினால் கடையில் உடனே சாமான் கிடைக்கும். அவர் மடத்தில் நேரத்துக்குச் சாப்பாடு. சம்பந்தர் காசுக்கு மட்டும் வட்டம், அதாவது கழிவு கேட்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு சாமான் கொடுப்பார்கள்.

"ஏஜென்ட் கமிஷன் மாதிரியா?" என்றார் அண்ணன்.

அம்மா முறைத்துவிட்டுத் தொடர்ந்தார். ஏன் அப்படி என்று சம்பந்தர் விசாரித்தபோது, அப்பர் கைத்தொண்டு செய்கிறவர், அதனால் அவருக்கு வட்டம் இல்லாத காசு என்று சொன்னார்களாம். பெரியபுராணத்தில் அப்படித்தான் இருக்கிறது. பிறகுதான் 'வாசி தீரவே காசு நல்குவீர்', அந்த வட்டம் நீங்கும்படி காசு கொடுங்கள் என்று சம்பந்தர் பாடி நல்ல காசு வாங்கினார்.

சம்பந்தர் பிள்ளை, அதனால் அப்பன் விளையாடினார் என்று சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. பாட்டு இருவரிடமும் இருந்தது. கோயிலில் புல் செதுக்கும் உழவாரம் அப்பர் ஒருவர் கையில்தான் இருந்தது. இறைவனே பார்த்துப் பார்த்து அந்தக் கைக்குச் சுத்தமான காசாகக் கொடுத்திருக்கிறார். இந்தக் கதையை என் சின்ன வயதில் இருந்து சொல்லிவந்த அம்மா, பக்கத்திலேயே தேய்ந்த விரலோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பக்தி இல்லை என்று எப்படித்தான் சொன்னார்களோ. அண்ணி நேராகவே கேட்டுவிட்டார்: "அப்போ உங்க பிள்ளை அனுப்பினது எந்தக் காசு அத்தே?"

அம்மா பதில் சொல்லவில்லை. எழுந்து, "ஐயன்பேட்டைக்கும் போயிடலாம், நடை சாத்திடப் போறாங்க" என்றார்.

ஐயன்பேட்டை பக்கத்தில்தான். அந்தக் காசுக்குச் சாமான் அளந்து கொடுக்கச் சாமியே செட்டியாராக வந்து கடை போட்ட ஊர். செட்டியப்பர் கையில் தராசு, படியளந்த நாயகி கையில் படி. அண்ணன் தானாக அர்ச்சனைச் சீட்டு வாங்கினது அங்கேதான். பெரியக்கா, சின்னக்கா, நான், மாமாக்கள், பிள்ளைகள் எல்லாருடைய பேரும் சொல்லி முடித்தார். "உங்க நட்சத்திரம்?" என்று குருக்கள் கேட்டதும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா சொன்னார், மகம்.

செட்டியப்பா, தாயே, எங்கள் வீட்டு உலை கொதித்ததும் நான் இன்றைக்கு ஒரு ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்பில் நிற்பதும் நீங்கள் அண்ணன் கையில் கொடுத்த படி. இனி அவர் கடல் தாண்டிப் போகாமல் ஊர்ப்பக்கமே நல்ல வேலையாக அமையட்டும். அமைந்தால் மறுபடியும் வந்து வஸ்திரம் சாத்துவதாக அம்மா அங்கேயே முடிந்து வைத்துவிட்டார். இந்தத் தடவை செலவு என் சம்பளத்தில் என்று சொல்லிவிட்டேன்.