ஆறு பீப்: களிம்பு தின்ற 386 மதர்போர்டு

போன மாதம் காயலான் கடையில் எடைக்கு வாங்கி வந்த கம்ப்யூட்டர் இது. உள்ளே ஏஎம்டியின் 40 மெகாஹெர்ட்ஸ் 386 டிஎக்ஸ், 1991-இல் வந்த பிராசஸர் சிப். நான்கு 1 எம்பி ரேம் அட்டைகள். நான் முதன்முதலில் கீபோர்டைத் தொட்டுப் பழகியது இதே வகை மெஷினில்தான். அதனால் அதை அந்தக் குவியலிலேயே விட்டுவர மனசு வரவில்லை.

மூடியைக் கழற்றியதும் மூலையில் பச்சை தெரிந்தது. கீபோர்டு சாக்கெட்டை ஒட்டி, குட்டிப் பீப்பாய் மாதிரி ஒரு 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பாட்டரி. கரண்ட் இல்லாத நேரத்திலும் கடிகாரம் ஓடவும், பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கிவைக்கும் போர்டின் உள் புரோகிராம்) செட்டிங் அழியாமல் இருக்கவும் வைத்தது. அது கசிந்து, சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குக் களிம்பு பூத்திருந்தது. அந்தக் காலத்து போர்டு யாரிடமாவது இருந்தால், வேலை செய்கிறதோ இல்லையோ, இன்றைக்கே அந்தப் பாட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள்.

கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். அதை முறிக்கப் புளிப்பு வேண்டும். செம்புக் குடத்துக்கு வீட்டில் புளி போடுவோமே, இங்கே வினிகர். பழைய பல் பிரஷ்ஷில் தொட்டு வைத்ததும் மெல்ல நுரைத்தது. நுரை அடங்கும்வரை இரண்டு மூன்று முறை தேய்த்து, தண்ணீரில் கழுவி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஊற்றித் துடைத்து, ஒரு முழு நாள் காயவிட்டேன்.

பவர் சப்ளையைத் தனியே சோதித்தபோது 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் சரியாக இருந்தன. போர்டில் மாட்டும்போது மட்டும் கவனம் தேவை. இரண்டு கனெக்டர்களின் கறுப்பு ஒயர்களும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வரவேண்டும். மாறினால் போர்டு போச்சு.

ஸ்விட்ச் போட்டேன். திரை கறுப்பு. ஸ்பீக்கரில் ஆறு பீப். திரை வராதபோது என்ன கோளாறு என்பதை பயாஸ் பீப் எண்ணிக்கையில்தான் சொல்லும்.

ரேம்தான் என்று நினைத்து இரண்டு மாலைகளை அதிலேயே செலவழித்தேன். இந்த 30 பின் அட்டை ஒவ்வொன்றும் 8 பிட். 386 டிஎக்ஸுக்கு 32 பிட் வேண்டும் என்பதால் நான்கு நான்காகத்தான் மாற்ற முடியும். மாற்றியும் அதே ஆறு பீப். பிறகுதான் இந்த போர்டில் உள்ள ஏஎம்ஐ கம்பெனி பயாஸின் பீப் பட்டியலை ஒழுங்காகப் பார்த்தேன். முதல் 64 கேபி ரேமில் கோளாறு என்றால் மூன்று பீப். ஆறு என்றால் கேட் ஏ20, அதாவது மெமரி முகவரிக் கம்பி ஒன்றின் கதவு.

இதன் பின்கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 சிப்புக்கு 20 முகவரிக் கம்பிகள், ஏ0 முதல் ஏ19 வரை. 1 எம்பியைத் தாண்டினால் முகவரி சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கே வந்துவிடும். சில புரோகிராம்கள் அதை நம்பியே எழுதப்பட்டிருந்தன. 1984-இல் 286 சிப்போடு ஐபிஎம்மின் அடுத்த மாடலான ஏடி வந்தபோது கம்பிகள் 24 ஆகிவிட்டன. பழைய புரோகிராம்கள் ஓடவேண்டுமே என்று, 21-ஆவது கம்பியான ஏ20-க்கு ஒரு கதவு வைத்தார்கள். அதைத் திறந்து மூடும் பொறுப்பு, கீபோர்டைக் கவனிக்கும் 8042 சிப்பில் சும்மா கிடந்த ஒரு பின்னுக்குப் போனது. அப்படித்தான் மெமரிக் கோளாறுக்குக் கீபோர்டு சிப்பைத் தேட வேண்டியதாயிற்று. என் போர்டில் அந்தச் சிப் இருந்தது பாட்டரிக்கு அடுத்த வீட்டில்!

8042-இல் ஏ20 கதவுக்கான பின் 22-ஆவது. மல்டிமீட்டரின் ஒரு முனையை அதில் வைத்து, மறுமுனையைச் சிப்செட்டின் (பிராசஸரையும் மெமரியையும் இணைக்கும் பெரிய சிப்களின்) கால்கள் மேல் மெதுவாக ஓட்டினேன். இணைப்பு இருந்தால் மீட்டர் கூவும். எங்கேயும் சத்தம் வரவில்லை. லென்ஸ் வைத்துத் தடத்தைப் பின்தொடர்ந்தால், பாட்டரி இருந்த இடத்தில் அது ஒரு துளை வழியாக போர்டின் மறுபக்கம் போகிறது. துளையைச் சுற்றியிருந்த செம்பு வளையம் கறுத்திருந்தது. ஊசியால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

இரண்டு பக்கமும் தடத்தை மூடியிருக்கும் போர்டின் பச்சைப் பூச்சை பிளேடால் சுரண்டினேன். செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை போனால்தான் ஈயம் பிடிக்கும். கறுத்த செம்பில் அது உருண்டு ஓடிவிடும். ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் பசை தடவி ஈயம் பூசி, தலைமுடி கனத்தில் ஒரு ஒயரைத் துளைக்குள் விட்டு இருபுறமும் பற்றவைத்தேன். மீட்டர் கூவியது.

மறுபடி ஸ்விட்ச். திரையில் 4096 கேபி வரை எண்ணிவிட்டு, கீபோர்டு எரர் என்று நின்றது. கீபோர்டின் மூன்று விளக்குகளும் ஒருமுறை மினுக்கி அணைய வேண்டும், மினுக்கவே இல்லை. சாக்கெட்டில் 5 வோல்ட் வரவில்லை. வழியில் இருந்த சின்னக் காயிலின் கால் அரித்துப்போயிருந்தது. வேறொரு செத்த போர்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன்.

பழைய இடத்தில் பாட்டரி வைக்கவில்லை. வெளிப் பாட்டரிக்கென்றே போர்டில் நான்கு பின் இருந்தது. மூன்று ஏஏ செல் ஹோல்டரை அதில் இணைத்து, கேபினெட்டின் அடியில் தள்ளி வைத்தேன். இனிக் கசிந்தாலும் போர்டுக்குச் சேதம் இல்லை.

நேற்று இரவு டாஸ் 6.22 ஃபிளாப்பியில் பூட் செய்தேன். 1 எம்பிக்கு மேலுள்ள மெமரியைக் கவனிக்கும் ஹைமெம் புரோகிராமை ஏற்றி, டாஸை ஹை மெமரிக்கு அனுப்பும் வரியையும் கான்ஃபிக் கோப்பில் சேர்த்திருந்தேன். ஹை மெமரி என்பது 1 எம்பிக்கு மேலே உள்ள முதல் 64 கேபி. ஏ20 திறக்காவிட்டால் அங்கே போகவே முடியாது. மெமரி நிலவரம் காட்டும் மெம் கட்டளையைக் கொடுத்தேன். டாஸ் ஹை மெமரியில்தான் இருக்கிறது என்று கடைசி வரியில் வந்தது. ஹார்ட் டிஸ்க்கை இன்னும் தொடவில்லை. அடுத்த ஞாயிறு.