உண்மையைக் காட்டிப் பொய் சொல்லும் தொலைபேசிக் குரல்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறவன் என்ற முறையில், "உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்" என்று வரும் அழைப்புகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவருவதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். அந்த நிறுவனம் நாம் கேட்காமல் நம்மை அழைத்துக் கணினியைச் சரிசெய்து தர முன்வருவதில்லை. அதன் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண்ணும் இருப்பதில்லை. இது பலரும் எங்கேயோ படித்த செய்திதான். படித்தவர்களும் ஏமாறுவதற்குக் காரணம், அழைப்பவர் பொய்யான எதையும் முதலில் காட்டுவதில்லை என்பதே. நம் கணினியில் உண்மையாகவே இருப்பதைக் காட்டி, அதற்குப் பொய்யான பொருளைச் சொல்கிறார்.

விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்றொரு பதிவேடு உண்டு. கணினிக்குள் நடக்கும் சின்னஞ்சிறு தடங்கல்களையெல்லாம் அது தானாகவே குறித்துவைக்கும். ஒரு சேவை தாமதமாகத் தொடங்கினால் மஞ்சள் குறி, ஏதேனும் ஒரு நிரல் பாதியில் நின்றால் சிவப்புக் குறி. புத்தம்புதிய கணினியிலும் சில நாட்களில் இவை நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடும். போதாக்குறைக்கு, வேலூர்க் கோடையில் மின்சாரம் போகும்போது யு.பி.எஸ். இல்லாத மேசைக் கணினி சட்டென அணைந்தால், மீண்டும் இயக்கியவுடன் 'கர்னல்-பவர் 41' என்ற பெயரில் மிகக் கடுமையான நிலைக்குரிய சிவப்புக் குறி ஒன்று அதில் ஏறும். மின்வெட்டு விட்டுச்சென்ற அந்தத் தடத்தைத்தான் அழைப்பவர் ஹேக்கரின் கைவரிசை என்கிறார். அவர் சொன்ன பொத்தான்களை அழுத்தித் தம் கண்ணாலேயே சிவப்புக் குறிகளைப் பார்த்தவர், "அவன் சொன்னது அப்படியே இருந்ததே, தம்பி" என்று என்னிடம் வாதிடுவதில் வியப்பில்லை.

இன்னொரு உத்தி இதைவிடச் சாமர்த்தியமானது. 'கமாண்ட் ப்ராம்ப்ட்' எனும் கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்யச் சொல்லி, 888 எனத் தொடங்கும் நீண்ட குறியீட்டை அழைப்பவர் வாசித்துக்காட்டி, அது உங்கள் கணினிக்கு மட்டுமே உரிய எண், அதைத் தாம் அறிந்திருப்பதே மைக்ரோசாஃப்ட் ஆள் என்பதற்குச் சான்று என்பார். உண்மையில், சுருக்கப்பட்ட கோப்புறை தொடர்பான அந்தக் குறியீடு விண்டோஸ் கணினிகள் அனைத்திலும் ஒன்றுதான். என் கடையில் பழுதுக்கு வந்திருக்கும் பெட்டிகளிலும் அதுவே இருக்கிறது.

இதுவரை பணம் போகவில்லை. தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் அல்லது டீம்வியூவரை நிறுவச் சொல்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது. இவை நேர்மையான மென்பொருள்கள். வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு நானும் இவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அனுமதி கொடுத்த நொடியிலிருந்து எதிர்முனையில் இருப்பவர் நம் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஆகிறார். முன்பு கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி வங்கிக் கணக்கைத் திறக்கவைத்து, ப்ரவுசரில் தெரியும் இருப்புத் தொகையை மாற்றிக்காட்டி, தவறுதலாகக் கூடுதல் பணம் அனுப்பிவிட்டதாகவும் அதைத் திருப்பி அனுப்பும்படியும் அழுபவர்களும் உண்டு. அந்தத் திருத்தம் திரையோடு சரி, வங்கிக் கணக்கில் எதுவும் மாறியிருக்காது.

ஆங்கிலத்தில் வரும் இத்தகைய அழைப்புகள் பெரும்பாலும் வெளிநாட்டு முதியவர்களைக் குறிவைப்பவை. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகார்களின் பேரில் சி.பி.ஐ. 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் போலிக் கால் சென்டர்களைச் சோதனையிட்டது. நம் ஊரில் நான் அதிகம் பார்ப்பது வேறு வகை: பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கூகுளில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி, மோசடிக்காரர்கள் அங்கே விதைத்துவைத்த எண்ணுக்குத் தாமே போன் செய்வது. வலியப்போய் அழைத்தவருக்குச் சந்தேகம் எழ வாய்ப்பே இல்லை. பொருளின் பெட்டியிலோ, நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ உள்ள எண்ணைத் தவிர வேறெதையும் அழைக்காதீர்கள்.

சத்தமிட்டுக்கொண்டு திரை முழுவதையும் மறைக்கும் எச்சரிக்கை ப்ரவுசரில் வந்தால், அதற்காக யாரையும் அழைக்கத் தேவையில்லை. எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பாருங்கள். அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் 'டாஸ்க் மேனேஜர்' பட்டியலில் ப்ரவுசரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' மூலம் மூடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்க வேண்டாம்.

அனுமதி கொடுத்துவிட்டவர்கள் இணைய இணைப்பைத் துண்டித்த கையோடு வங்கிக்கும், சைபர் குற்றப் புகார்களுக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, காட்பாடியிலும் பாகாயத்திலும் தனியாக வாழும் பெரியவர்கள் திட்டு விழுமே என்று இரண்டு மூன்று நாட்கள் மூடிமறைத்துவிடுகிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, ரகசிய விவரங்களை நாமே கொடுத்ததால் நேர்ந்த இழப்பு, வங்கியிடம் தெரிவிக்கும்வரை நம்முடையது. தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேரும். ஆகவே என் கடைக்கு வருவது கடைசி வேலையாக இருக்கட்டும். அதற்கு முன் அழைத்த எண், பரிவர்த்தனை எண், திரையில் வந்த செய்தி ஆகியவற்றைப் படமெடுத்துப் புகாரோடு சேர்த்துவிடுங்கள். ஏனெனில் நான் விண்டோஸைப் புதிதாக நிறுவித் தரும்போது கணினியில் உள்ள தடயங்கள் அழிந்துவிடும்.