சோளகம் வீசிய ஒரு நாள்

1976ஆம் ஆண்டின் இரண்டாந் தவணை முடிவதற்குச் சில நாள்களே இருந்தபோது, புவியியல் ஆசிரியர் எமது வகுப்பு மாணவர்களைப் பருத்தித்துறைக்கும் அதனை அண்டிய கடற்கரைக் கிராமங்களுக்கும் ஒருநாட் சுற்றுலாவாக அழைத்துச் சென்றார். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ இருபது மைல் தொலைவுதான். ஆயினும் வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே வளர்ந்த எங்களிற் பலருக்குக் கடல் என்பது கோயில் தீர்த்தத்துக்கு மட்டும் போய்வரும் இடமாகவே இருந்தது.

வல்லைவெளியைக் கடக்கையில் பஸ்ஸின் யன்னல்களூடாக மணலும் காற்றும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. "இந்தக் காற்றுக்கு என்ன பெயர்?" என்று ஆசிரியர் கேட்டார். தென்மேல் பருவக்காற்று என்று பாடநூலில் இருந்ததைப் பலர் ஒரே குரலில் ஒப்புவித்தோம். அவர் திருப்தியடையவில்லை. பின் இருக்கையிலிருந்து, "சோளகம், சேர்" என்று ஒரு குரல் வந்தது. பேசியவன் எங்கள் விடுதி மாணவன். வடமராட்சி கிழக்குக் கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த அவன் வகுப்பில் வாய்திறந்து நான் கேட்டது மிகக் குறைவு. மேற்கிலிருந்து வருவது கச்சான், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மாரியில் வருவது வாடை என்று அவன் சொல்லச் சொல்ல, ஆசிரியர் அவனைத் தம் பக்கத்து இருக்கைக்கு அழைத்துக்கொண்டார்.

தொண்டைமானாற்றில் சந்நிதி முருகனை வணங்கியபின் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் இறங்கினோம். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, இவ்வூர் மாலுமிகளையும் ஏற்றிக்கொண்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த வரலாற்றை ஆசிரியர் விரித்துரைத்தார். எனக்கோ ஓர் ஐயம். கரையோரம் எங்கும் முருகைக்கற்பார் என்னும் பவளப்பாறைத் திட்டு மேலெழுந்து நிற்க, முழங்காலளவு நீரே தெரிந்த அந்த இடத்தில் வள்ளம்கூட எப்படி உள்ளே வரும்? அதற்கும் அவனே விடை சொன்னான். அலை உடையாமல் நீர் கறுத்துத் தெரிந்த ஓர் ஒடுங்கிய கோட்டைச் சுட்டிக்காட்டி, பாருக்கு இடையிலுள்ள வழி அதுதான் என்றும், இருட்டில் அதைத் தவறவிட்டால் வள்ளம் கல்லில் மோதிப் பிளந்துவிடும் என்றும் சொன்னான். அதன் பிறகு எங்கே நின்றாலும் நாங்கள் ஆசிரியரை விட்டுவிட்டு அவனையே சூழ்ந்துகொண்டோம். ஆசிரியர் இதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அவரும் குறிப்புப் புத்தகத்தோடு எங்கள் பின்னால் நின்றார்.

இலங்கையின் வடமுனை பருத்தித்துறை வெளிச்சவீடு நிற்கும் இடமே என்று நம்பியிருந்தோம். அதற்கு மேற்கேயுள்ள சக்கோட்டை முனைதான் அது என்பதை அன்றுதான் அறிந்தோம். 1916இல் கட்டப்பட்ட, 32 மீற்றர் உயரமான அந்த வெளிச்சவீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு நகருக்குள் நடந்தோம். ஒல்லாந்தர் காலத்தில் பால்டேயஸ் பாதிரியார் நிழலிலிருந்து போதித்ததாகச் சொல்லப்படும் புளியமரம் எங்கள் காலத்துக்கு முன்பே புயலில் வீழ்ந்துவிட்டது. எனினும் தெருமூடி மடம் அனைவரையும் நிறுத்திவைத்தது. தெருவுக்கு மேலேயே கூரை போட்டு, இருமருங்கும் கற்றூண்களும் திண்ணைகளும் அமைத்து, வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்க இடங்கொடுத்த அந்தக் கட்டடத்தின் குளிர்ந்த திண்ணையில் அமர்ந்தே பருத்தித்துறை வடையைக் கடித்தோம். பல்லுக்கு வேலை வைக்கும் அந்தத் தட்டை வடையின் சுவைபற்றி இம்மலரின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

வல்லிபுர ஆழ்வார் கோயிலிலிருந்து மணற்காடு சென்றபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். மணலுள் புதையுண்டு சுவர்கள் மட்டும் எஞ்சிய பழைய தேவாலயத்தைப் பார்த்தபின், மணற்குன்றுகளைத் தாண்டி அவனுடைய ஊர்க்கரைக்குப் போனோம். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டு, வள்ளத்தில் வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டு, மறுமுனையைத் தொலைவில் கரைசேர்த்து, இரு அணியினரும் வலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டுக்கு அடியெடுத்துப் பின்னோக்கி நடந்தார்கள். இழுக்க இழுக்க இரு அணிகளும் ஒன்றையொன்று நெருங்கிவந்தன. நாங்களும் கயிற்றைப் பிடித்தோம். பத்து நிமிடத்தில் என் உள்ளங்கை உரிந்துவிட்டது. அவனோ சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரின் குரலுக்கேற்ப அணியின் முன்வரிசையில் நின்றான். வலையின் மடி கரையேறியபோது சூடை மீன்களும் கீரி மீன்களும் வெள்ளிக்காசு கொட்டியதுபோல் துள்ளின.

அவனுடைய ஆச்சி ஓலைக்குடிலின் முன் பாயில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். "படிக்கிற பிள்ளையள் என்ரை வாசலுக்கு வந்திருக்கினம், வெறுங்கையோடை அனுப்புறதோ" என்று சொல்லி, பனையோலைப் பெட்டியொன்றில் கருவாடு நிறைத்துத் தந்தார். ஆசிரியர் இரு கைகளாலும் அதனை வாங்கினார்.

பஸ் புறப்பட்டுச் சிறிது தூரம் செல்வதற்குள் யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். நானும் சிரித்தேன். வலைக் கயிற்றில் அவனுக்கு அருகில் நின்று இழுத்த நானே சிரித்தேன் என்பதை இங்கே எழுதியாகவேண்டும். அவன் எதுவும் சொல்லவில்லை. வல்லைவெளிக்குச் சற்று முன்னால் பஸ் நின்றபோது, பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலிருந்த ஏணியில் ஏறிக் கூரைமேல் கட்டிவிட்டு வந்து, மீண்டும் பின் இருக்கையிலேயே அமர்ந்தான். ஆசிரியர் பக்கத்து இருக்கை யாழ்ப்பாணம் வரை வெறுமையாகவே இருந்தது.

கல்லூரி வாசலில் ஆசிரியர் கருவாட்டைக் கடதாசியில் பங்கிட்டுத் தந்தார். எவரும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா அதைக் கத்தரிக்காயோடு குழம்பு வைத்தபோது, எங்கே வாங்கியது என்று அப்பா கேட்டார்; என் வகுப்புத் தோழனின் வீட்டிலிருந்து வந்தது என்றேன்.