மாங்காய்ப் பால் பட்ட மாதிரி

நியூஜெர்சிக்கு வந்த முதல் கோடை. வாடகை வீட்டின் பின்பக்க வேலியில் பளபளவென்று ஒரு கொடி ஏறிக் கிடந்தது. தோப்புக்காரன் மகனுக்குக் கொடி பிடுங்கக் கையுறை எதற்கு? வெறுங்கையாலேயே இழுத்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்து முன்கையில் கோடு கிழித்த மாதிரி வரிசையாகக் கொப்புளம். ராத்திரி முழுக்க அரிப்பு.

வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன். எங்கள் மாந்தோப்பு போச்சம்பள்ளிப் பக்கம். (நான் பிறந்தபோது அது தருமபுரி மாவட்டம், 2004இல்தான் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது.) உற்றுப் பார்த்தவள், "என்ன கண்ணு, மாங்காய்ப் பால் பட்ட மாதிரி இருக்குது? அங்க ஏது மாமரம்?" என்றாள்.

சிரித்தேன். அப்புறம் தேடிப் பார்த்தால், பாய்சன் ஐவி என்னும் அந்தக் கொடி மாமரத்தின் குடும்பமேதான். முந்திரி, துணிக்குக் குறி போடும் சேங்கொட்டை எல்லாம் அதே வகையறா. கொடியின் பிசினில் உள்ள உருஷியால் தோலைப் புண்ணாக்குகிறது; அதற்கு உறவான சரக்குதான் மாங்காய்ப் பாலிலும். பெங்களூரா காயின் காம்பைக் கிள்ளும்போது பால் பீச்சியடித்து, சின்ன வயதில் எனக்குக் கடைவாய் வெந்திருக்கிறது.

அம்மா உடனே வேப்பிலை, மஞ்சள், தேங்காய் எண்ணெய் என்று அடுக்கினாள். கம்பளிப்பூச்சிக்கும், பட்டால் அரிக்கும் செந்தட்டிச் செடிக்கும் ஊரில் அதுதான் வைத்தியம். இங்கே எண்ணெய் மட்டும் ஆகாது: கழுவாத கையில் தடவினால் பிசின் இன்னும் பரவும். தொட்டதும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவியிருக்க வேண்டும். அது தவறிப்போச்சு. பக்கத்து வீட்டுப் பாட்டி, சமையல் சோடாவைக் குழைத்துப் போடச் சொன்னார். அம்மாவிடம் சொன்னால், "ஆப்ப சோடாவா? கொசு கடிச்சா நாமளும் அதைத்தானே போடுவோம்!" ஈரத்துணி ஒத்தடமும் காலமைன் லோஷனும் சேர்ந்துதான் தூங்கவிட்டன. ஆற மூன்று வாரம் ஆயிற்று.

கொப்புள நீரால் அந்தப் புண் பரவாதாம். ஆனால் கத்தரிக்கோல் பிடியில் ஒட்டியிருந்த பிசின், அடுத்த வாரம் மறுபடி பிடித்துக்கொண்டது. பிடுங்கியதைக் கொளுத்தலாம் என்று வேறு நினைத்தேன். நல்லவேளை, பாட்டி தடுத்தார். புகை நுரையீரலுக்கே போய்விடும்.

இப்போது மூன்று இலைக் கொத்தைக் கண்டாலே, அந்தக் கொடிதானோ என்று, நடு இலைக்குக் காம்பு நீளமா எனக் குனிந்து பார்க்கிறேன். இந்தியக் கடையில் மாம்பழம் வாங்கினால் தோல் சீவுவது மனைவியின் வேலை. தோலோடு கடித்துத் தின்றவனுக்குத் தட்டில் துண்டுகள் வருகின்றன.